அவள் பெயரில் ஒரு சைக்கிள்

ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு பைசா போகக் கூடாது. அந்த ஆறாயிரத்தில் என் பணம் ஒரு பைசாகூட இருக்கக் கூடாது. சைக்கிள் வாங்குவதற்கு என் மனைவி போட்ட நிபந்தனைகள் இந்த இரண்டும்தான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை: நான் குறுக்கே பேசக் கூடாது. முதல் இரண்டும் அப்படியே நடந்தன. மூன்றாவதுக்கு நான் என்னால் முடிந்தவரை முயன்றேன்.

நான் குர்கானில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டு, எது மலிவு, எது தேறும் என்று மேலே எழுதி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அது தொழிலுக்கே அவமானம் இல்லையா?

அவள் அருப்புக்கோட்டைக்காரி. தமிழில் எம்.ஏ. கல்யாணமாகி தில்லி முனிர்காவில் இரண்டாவது மாடி அறைக்கு வந்து சேர்ந்த புதிதில், இந்த ஊரில் என் படிப்பு எதற்கு ஆகும் என்று கேட்டாள். கொஞ்ச நாளில் பதிலையும் தானே கண்டுபிடித்துவிட்டாள். தில்லித் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பாதி ஹிந்தி கலந்தாவது தமிழ் பேசிவிடும், எழுத்தைக் காட்டினால் திருதிருவென்று விழிக்கும். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

பிள்ளைகள் மட்டுமில்லை. அவளிடம் படிப்பவர்களிலேயே மிகவும் சிரத்தையான ஆள் லக்ஷ்மிபாய் நகரில் மகனின் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஓர் அம்மாள். மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தில்லியிலேயே பிறந்து, ஹிந்தியும் ஆங்கிலமும் படித்து, காலமெல்லாம் கோப்பு பார்த்தவர். தமிழ் மட்டும் அவருக்குக் காதோடும் வாயோடும் நின்றுபோயிருந்தது. நாலைந்து மாதமாகக் கற்றுக்கொண்டு எழுத்துக்கூட்டும் அளவுக்கு வந்துவிட்டார், ஆனால் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஒரு வார்த்தை படிக்க மாட்டார். காலண்டரில் இருக்கும் தமிழை நீட்டினால் கண்ணாடி இல்லை என்பார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருக்கும். தப்பாகப் படித்துவிட்டால் வெட்கம், அவ்வளவுதான்.

அந்த அம்மாளின் பாடம் முடிய நாலே முக்கால் ஆகும். இந்த மாசியில் ஆர்.கே.புரத்தில் ஒரு வீட்டில் அண்ணன் தங்கை இருவருக்கு வாரத்தில் நான்கு நாள் பாடம் சொல்லக் கேட்டார்கள். நல்ல வீடு, நல்ல சம்பளம். பிள்ளைகளின் அம்மா பேங்கில் வேலை பார்ப்பவர், நேரத்தில் கறார். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தச் சனிக்கிழமையே ஆரம்பித்துவிடலாம், ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும், முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள், ஆன்லைனில் ஆள் இருக்கிறது என்றார்.

தில்லியில் பெண்களுக்கு பஸ் இலவசம். எப்போது வரும் என்பதுதான் பஸ்ஸுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆட்டோவில் போனால் நேரத்துக்குப் போய்விடலாம், ஆனால் அந்தப் பாடத்தில் கிடைப்பதில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். லக்ஷ்மிபாய் நகருக்கும் ஆர்.கே.புரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை எப்படியாவது ஜெயித்தால் அந்தப் பிள்ளைகள் அவளுக்கு, இல்லையென்றால் ஆன்லைனுக்கு. ஆட்டோ செலவை நான் தருகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"அப்ப நான் வேலைக்குப் போகல, நீங்க என்னைய வேலைக்கு அனுப்பி வைக்கிறீங்க" என்றாள்.

அதன் பிறகுதான் சைக்கிள் பேச்சு வந்தது, ஆறாயிரமும் வந்தது. பாடம் சொல்லிச் சேர்த்ததில் வீட்டுக்குக் கொடுத்தது போக அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

நான் சும்மா இருப்பேனா? ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆன்லைனில் கிடைக்கிற சைக்கிள்களை எல்லாம் அலசி, ஒரு பெரிய அட்டவணை போட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கியர் வைத்தது, தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக். தள்ளுபடி போக ஆறாயிரத்துக்கு உள்ளேயே வந்தது. போனில் படத்தைக் காட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திப் பார்த்தாள். மட்கார்டு எங்கே என்றாள். தனியாக வாங்க வேண்டும் என்றேன். கேரியர்? அதுவும் தனி. ஸ்டாண்டு? செயின் கவர்? என் குரல் ஒவ்வொரு பதிலுக்கும் இறங்கிக்கொண்டே போனது.

"இது சைக்கிள் இல்லைங்க. சைக்கிள் வாங்குறதுக்கு அட்வான்ஸ்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சரி, நீ எப்படித் தேர்ந்தெடுக்கிறாய் பார்க்கிறேன் என்று விட்டுவிட்டேன். அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில், அரச மரத்தடியில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. காற்று அடிக்கும் பம்பு, தண்ணீர்ச் சட்டி, ஒரு மரப்பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் கடை. பக்கத்திலேயே டீக்கடை. என் மனைவி சாயங்காலம் பாடமில்லாத நாட்களில் அங்கே போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. எந்தச் சைக்கிள் எதற்காக வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போது நானும் போய் உட்கார்ந்தேன். பஞ்சர் கடைக்காரரிடம், அண்ணே, வாங்குவதென்றால் எது நல்ல சைக்கிள் என்று ஹிந்தியில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, கியர் சைக்கிள்தான் என்றார். டிஸ்க் பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாம் வைத்தது, அருமையான சாமான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றார். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள், அந்த அருமையான சாமான்கள்தான் தினமும் அவரிடம் வருகின்றன என்று. டிஸ்க் உரசுகிறது, கியர் தாண்டுகிறது, ரிம் கோட்டம் எடுக்க வேண்டும், ஷாக் அப்சார்பரில் கிறீச்சென்று சத்தம். பால்காரர்களும் வாட்ச்மேன்களும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும் ஓட்டுகிற சாதா சைக்கிள்கள் பஞ்சருக்கும் காற்றுக்கும்தான் வருகின்றன. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு எது நல்ல சைக்கிளோ அதைச் சொன்னார், அவர் அடுப்பு எரிய வேண்டாமா என்றாள். நானும் எத்தனையோ வருஷமாகச் சப்ளையர்களோடு பேசுகிறேன். இந்தக் கோணத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எனக்கு அன்றைக்கே அவள் மேல் பெருமை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அட்டவணையை மட்டும் அழித்துவிட்டேன்.

ஆனால் அவளும் ஒரு இடத்தில் சறுக்கினாள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் மட்டுமே சறுக்கக்கூடிய இடம் அது.

சைக்கிள் மொத்த வியாபாரம் ஜண்டேவாலானில். வரிசையாகக் கடைகள், வாசலில் ரிம்களும் டயர்களும் தொங்கும், உள்ளே காகிதம் சுற்றிய சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். முதல் சனிக்கிழமை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதை. நல்ல சைக்கிளாக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. உனக்கு என்னதான் வேண்டும் என்று நடைபாதையில் நிறுத்திக் கேட்டேன். அவள் சொன்ன அடையாளம் எனக்கு உடனே விளங்கியது: நீல நிறம், முன்னால் கம்பிக் கூடை, முழுச் செயின் கவர், அகலமான கேரியர். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற இலவச சைக்கிள். அப்படியே அது வேண்டுமாம். தில்லி இவ்வளவு பெரிய ஊர், அந்தச் சைக்கிள் ஏதாவது ஒரு கடையில் இல்லாமலா போகும் என்று நினைத்துத்தான் இரண்டு வாரமாக அலைந்திருக்கிறாள்.

இந்த விஷயத்தில் மட்டும் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. அந்தச் சைக்கிள் கடைக்கு வராது, அது டெண்டர் விட்டு மொத்தமாகச் செய்வது, பள்ளிக்கூடங்களுக்கு நேராகப் போய்விடும், எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது என்று விளக்கினேன். எதிரில் ரொட்டியும் சுண்டல் மசாலாவும் விற்கிற சோலே குல்சே வண்டி நின்றது. இரண்டு தட்டு வாங்கினேன். நின்றுகொண்டே சாப்பிடும்போதுதான் சொன்னாள், கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத கதையை.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்தில் நீலச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பெயரைக் கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட்டாள், உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொடுத்த சைக்கிளில் நட்டு போல்ட்டெல்லாம் லொடலொடவென்று இருந்தது. அவளே ஸ்பானர் இரவல் வாங்கி முடுக்கினாள். மறுநாள் காலையில் மில்லுக்கு ஷிஃப்டுக்குப் போன அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போனான். ஆம்பிளைப் பிள்ளை, வேலைக்குப் போகிறவன், நேரத்துக்குப் போக வேண்டாமா என்று வீட்டில் சொன்னார்கள். அவள் எப்போதும்போல நடந்தே பள்ளிக்கூடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தூங்கும் நேரத்தில் ஓட்டிப் பழகினாள். பிறகு ஒரு நாள் அண்ணன் பைக் வாங்கினான், சைக்கிளை விற்றுவிட்டார்கள்.

"தொடைக்கிற வேலை எனக்கு, ஓட்டுற வேலை அண்ணனுக்கு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைத்துனர் நல்ல மனிதர், எனக்குப் பிடித்தவர், ஆனால் அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கு அந்தக் கோபம் இல்லை. அந்தச் சைக்கிள் வந்ததால்தான் தன்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பிளஸ் டூ முடித்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன் என்றாள். தட்டைக் குப்பைக் கூடையில் போட்டுக் கையைத் துடைத்துவிட்டு, சரி, கிடைக்காதுன்னா விடுங்க, அடுத்த வாரம் கிடைக்கிறதுல நல்லதா ஒண்ணு பாப்போம் என்றாள். அவ்வளவுதான். இரண்டு வாரமாகத் தேடிய ஒன்றை அவள் அந்த நடைபாதையிலேயே இறக்கி வைத்துவிட்டாள். எனக்குத்தான் மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அதே நினைவு.

அடுத்த வாரம் என்பது கடைசி வாரம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஆர்.கே.புரத்தில் முதல் பாடம், அதற்கு முன்னால் லக்ஷ்மிபாய் நகர் அம்மாளின் பாடம். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய் நின்றோம். அவள் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தில்லியில் அவள் பெரும்பாலும் சுடிதார்தான். ஏன் என்று கேட்டதற்கு, புடவையில் ஏறி இறங்க முடிந்த சைக்கிளில் எந்த உடுப்பிலும் போகலாம் என்றாள். பாடத்துக்கான பை தோளில் இருந்தது.

கடைக்காரர் வயதான சர்தார்ஜி. முந்தின இரண்டு வாரமும் எங்களைப் பார்த்தவர், நம்பிக்கையில்லாமல்தான் வரவேற்றார். அவள் கியர் வேண்டாம், பெண்கள் ஓட்டுகிற சாதா சைக்கிள், முழுச் செயின் கவர், கேரியர், நல்ல ஸ்டாண்டு என்று தன் ஹிந்தியில் கடகடவென்று சொன்னாள். அவளுடைய ஹிந்தியில் ஆண்பால் பெண்பாலெல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, ஆனால் வேண்டியது என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. அந்தச் சந்தையில் ஒரு வசதி, ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தால் டயர், பெடல், சீட்டு எல்லாம் நம் விருப்பப்படி மாட்டிக் கொடுப்பார்கள். பிங்க் நிறத்தில் பூப்போட்ட ஃபிரேம் ஒன்றை முன்னால் கொண்டுவந்து வைத்தார். பின்னால் அதே மாதிரி கறுப்பு ஃபிரேம் ஒன்று தூசியோடு நின்றது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் எதனால் என்று கேட்டாள். பெண் பிள்ளைகள் கறுப்பு வாங்குவதில்லை, அதனால் குறைவு என்றார். அப்படியானால் கறுப்பு என்றாள்.

மாட்டி முடிக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது. சர்தார்ஜி தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் அதற்கு முன்னால் வேறு ஒன்று செய்ய வேண்டும் என்றாள். கடைக்குள்ளே சாமான் வைக்கிற பரணுக்குக் குறுகலான இரும்புப் படி இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி, அந்தப் படியில் ஏற ஆரம்பித்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சர்தார்ஜி, மேடம், சைக்கிள் தரையில் ஓட்டுகிற சாமான் என்றார். அவள் மேலே போய்ச் சேர்ந்து, திரும்பி, பத்திரமாக இறங்கி வந்தாள். எங்கள் முனிர்கா சந்தில் கீழே விட்ட சைக்கிள் காலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, தினமும் இரண்டு மாடி தூக்க வேண்டும். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நான் தூக்கிக் கொடுக்க மாட்டேனா என்று மெதுவாகக் கேட்டேன். நீங்கள் வீட்டில் இல்லாத அன்றைக்கு யாரைத் தேடுவேன் என்றாள். மூச்சு வாங்கியது, முகத்தில் வேர்வை, ஆனால் முடியும் என்று தெரிந்துகொண்ட நிம்மதி அந்த முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

பிறகுதான் தெருவில் ஓட்டினாள். முதல் மிதியில் தடுமாறினாள், ஒரு ரிக்‌ஷாக்காரர் திட்டினார், இரண்டாவது திருப்பத்துக்குள் நேராகிவிட்டாள். கணக்குப் போட்டபோது ஆறாயிரத்தைத் தாண்டியது. என் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. அவள் பார்த்த பார்வையில் அது தானாகவே திரும்பி வந்தது. முன்னால் மாட்டும் கூடையைக் கழற்றச் சொன்னாள். நீலச் சைக்கிளில் இருந்த மாதிரியே ஒரு கம்பிக் கூடை, அதைத்தான் முதலில் கேட்டு மாட்டச் சொல்லியிருந்தாள். கழற்றும்போது ஒரு தடவை பார்த்தாள், பை தோளில் இருக்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதோடு கணக்கு ஆறாயிரத்துக்குள் வந்தது.

பெல் மட்டும் மீதி. படியேற்றத்தில் மனம் இளகியிருந்த சர்தார்ஜி, பெல் என் பரிசு, காசு வேண்டாம் என்றார். அவள் விலையைக் கேட்டாள். அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். சீட்டு உறையை எடுத்துவிட்டு அந்தக் காசில் பெல்லைப் போடுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லி, அப்படியே செய்ய வைத்தாள். எனக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. பெரிய மனிதர் அன்பாகக் கொடுக்கிறார், வாங்கிக்கொண்டால் என்ன என்று காதோரம் கேட்டேன்.

"சும்மா வந்த சைக்கிள யாரு வேணா எடுத்துட்டுப் போவாங்க" என்றாள். "இதுல ஒரு ஆணிகூடச் சும்மா வந்ததா இருக்கக் கூடாதுங்க."

சர்தார்ஜிக்கு அவள் சொன்னது புரிந்திருக்காது, ஆனாலும் பெல்லைத் தன் கையாலேயே மாட்டி, ஒரு தடவை அடித்துக் காட்டினார்.

தெருக்கோடியில் வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த சில்லறையில் செயின் கவரில் பெயர் எழுத வேண்டும் என்றாள். பில்லின் பின்பக்கத்தில் தன் பெயரைத் தமிழில் அழகாக எழுதிக் கொடுத்தாள். அவர் தமிழைக் கண்ணால் பார்த்ததில்லை. தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி ஒவ்வொரு வளைவாக வெட்டினார். ஒரு சுழி விட்டுப்போனது, அவள் சுட்டிக்காட்டியதும் மறுபடி வெட்டினார். திருடனுக்கும் படிக்கத் தெரியாது, போலீசுக்கும் படிக்கத் தெரியாது, இந்த ஊரில் தமிழில் எழுதி என்ன பிரயோஜனம் என்று கேலி செய்தேன். எனக்குப் படிக்கத் தெரியுமே என்றாள்.

சைக்கிளைக் கொண்டுபோக ஒரு டெம்போ பேசலாம் என்று நான் சொன்னபோது அவள் சிரித்தாள். பாடம் சொல்ல பஸ்ஸில் போய்வந்த நாட்களிலெல்லாம் ஜன்னல் வழியாக வழியைப் பார்த்து வைத்திருக்கிறாள். பஞ்ச்குயான் ரோட்டில் இறங்கி, மந்திர் மார்க், தால்கட்டோரா, தீன்மூர்த்தி வழியாக லக்ஷ்மிபாய் நகர். எங்கே ஏற்றம், எந்தச் சிக்னலில் இடது பக்கம் பஸ் ஒதுங்கும் என்பதுவரை சொன்னாள். நீங்கள் மெட்ரோவில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகி, மிதித்துப் போய்விட்டாள். கூட்டத்தில் கறுப்புச் சைக்கிளும் அவள் பின்னலும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

மெட்ரோவில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் இறங்கி வேக வேகமாக நடந்து அந்த அம்மாளின் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போனேன். அவள் வந்திருக்கவில்லை. போன் செய்தால் ஓட்டும்போது எடுப்பாளோ என்று பயம், செய்யாமலும் இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, நீங்க மட்டும் நிக்கிறேளே, டீச்சர் எங்கே என்று கேட்டார். சைக்கிளில் வருகிறாள் என்றேன். ஜண்டேவாலான்ல இருந்தா, அரே பகவான் என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கி வந்து என்னோடு நின்றார். இருவரும் தெருக்கோடியையே பார்த்தோம். முள்ளிலவ மரத்திலிருந்து சிவப்புப் பூக்கள் உதிர்ந்து ரோட்டில் கிடந்தன.

முதலில் பெல் சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் தெருமுனை திரும்பி வந்தாள், முகமெல்லாம் சிவந்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. அப்படி நிமிர்ந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். அந்த அம்மாள் சைக்கிளைச் சுற்றி வந்து, அச்சா, நல்லா இருக்கு, கறுப்புதான் கம்பீரம் என்றார். செயின் கவருக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். அவர் வாய் அசைய ஆரம்பித்தது. என் மனைவி ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை, மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, நடுவில் ஒரு சுழியில் தடுமாறி, முதலிலிருந்து மறுபடியும். விரலை எழுத்தின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே போனார். கடைசி எழுத்து வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சத்தமாகச் சொன்னார், என் மனைவியின் பெயரை.

மாதக்கணக்கில் அவளை டீச்சர், டீச்சர் என்றே கூப்பிட்டவர். பாடப் புத்தகத்துக்கு வெளியே அவர் படித்த முதல் தமிழ் அதுதான். நிமிர்ந்து, சரியா என்று கேட்டார். சரிதாம்மா என்றாள் என் மனைவி. அவர் மறுபடியும் குனிந்து, இன்னொரு தடவை படித்தார், இந்த முறை தடுக்காமல்.

பாடம் முடியும்வரை நான் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் இறங்கி வந்தோம். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, நீங்க பஸ்ல வாங்க, அங்க பாப்போம் என்று சொல்லிவிட்டு ஆர்.கே.புரம் பக்கம் மிதித்தாள். நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். ஆர்.கே.புரத்தைத் தவிர எல்லா ஊருக்கும் பஸ் வந்தது. அவளையாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று முருகனிடம் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே போன் அதிர்ந்தது.

"வந்து கொஞ்ச நேரம் ஆச்சு. இன்னும் அஞ்சரை ஆகல. பிள்ளைங்க கீழ நின்னு பெல் அடிச்சுப் பாக்குதுங்க" என்று அனுப்பியிருந்தாள்.

எனக்கான பஸ் அப்போதும் வரவில்லை.